விரிசல் விட்ட குழாய் எப்போது முறியும்?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதை நாம் அறிவோம். மழை பெய்தால் அதே மண் உப்பிவிடும். இப்படி உப்பிச் சுருங்கும் மண்ணில் புதைத்த வார்ப்பிரும்புக் குழாய், காய்ந்த பருத்திமாரை ஒடித்ததுபோலக் குறுக்கே முறிவதுண்டு. எஃகுக் குழாய் அப்படியன்று, வளைந்து கொடுக்கும். ஆனால், அந்த எஃகிலேயே ஒரு விரிசல் இருந்தால்?

இதற்கு அடிப்படை விடையைக் கண்ணாடியில் கண்டவர் இங்கிலாந்தின் கிரிஃபித். 1921இல் வெளியான அவரது கட்டுரைப்படி, விரிசலின் நீளம் நான்கு மடங்கானால் பொருள் தாங்கும் தகைவு பாதியாகும். கண்ணாடிக்குத்தானே என்று பொறியாளர்கள் பலரும் இதைப் பெரிதாக எண்ணவில்லை. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், துறையில் அமைதியாக நின்றிருந்த 'ஷெனெக்டடி' என்னும் புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. அலையும் இல்லை, புயலும் இல்லை, குளிர் மட்டுமே. குளிரில் அந்த எஃகு கண்ணாடியைப் போல் நொறுங்கும் தன்மை அடைந்திருந்தது. பின்னர் 1950களில் இர்வின் என்பார் கிரிஃபித்தின் கருத்தை உலோகங்களுக்கு ஏற்றபடி விரித்தார். விரிசல் நீளாதபடி தடுக்கும் ஆற்றலை ஓர் எண்ணால் குறிக்க முடிந்தது. அதுவே முறிவு உறுதி.

இந்த எண்ணை வழக்கமாகக் கையடக்கமான எஃகுத் துண்டுகளில் அளப்பார்கள். துண்டுக்குப் பொருந்துவது முழுக் குழாய்க்கும் பொருந்துமா? அணுஉலையில் சூடான நீரை அழுத்தத்துடன் கொண்டுசெல்லும் குழாய் என்றால் இந்த ஐயத்தை அப்படியே விட்டுவிட முடியாது. எனவே 2000ஆம் ஆண்டையொட்டி, பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காகச் சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் முழுக் குழாய்களையே சோதித்தனர். குழாயின் சுற்றுவட்டத்தில் சுவரை ஊடுருவும் வெட்டு ஒன்று இடப்பட்டது. திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றி இறக்கி, வெட்டின் முனையில் உண்மையான விரிசல் வளர்க்கப்பட்டது. பிறகு இரு முனைகளைத் தாங்கி, நடுவே இரண்டு இடங்களில் அழுத்தி வளைத்தனர். கரிசல் மண் குழாய்க்குச் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்!

நல்ல எஃகில் விரிசலின் முனை முதலில் மழுங்குகிறது. வாய் திறக்கிறது. பிறகே மெல்லக் கிழிகிறது. பொதுவாகச் சிறு துண்டு காட்டுவதைவிடக் குழாய் கிழிவை அதிகமாகவே எதிர்க்கிறது.

குழாய் முறியுமுன் கசியவேண்டும் என்பது அணுஉலை வடிவமைப்பில் ஒரு கொள்கை. கசிவைக் கருவிகள் கண்டுகொள்ளும் அளவுக்கு விரிசல் திறந்த பின்னும் குழாய் முழுப் பாரத்தையும் தாங்கினால், உலையை நிறுத்த நேரம் கிடைக்கும். அந்தக் கணக்கைச் சரிபார்க்கத்தான் தரமணியில் குழாய்களை வளைத்தார்கள்.