பாறை வெடிப்பின் மூன்று பதிவேடுகள்: கோலார் தங்கவயல்

ஒரு மென்பொருள் திட்டம் தன் வழுப்பட்டியலைப் புதிய தளத்திற்கு மாற்றும்போது, பழைய பதிவுகளின் கதி என்ன என்ற கேள்வி எழுகிறது. பைதான் திட்டம் 2022இல் கிட்ஹப்பிற்கு மாறியபோது, பழைய தளத்தைப் படிப்பதற்கு மட்டுமாக விட்டுவைத்தது. கோலார் தங்கவயலின் வரலாற்றிலும் இக்கேள்வி உண்டு.

அங்கே சுரங்கம் ஆழமாக ஆழமாக, அழுத்தம் தாங்காத பாறை திடீரெனச் சிதறியது. 'ஏர் பிளாஸ்ட்' என அது அழைக்கப்பட்டது. மைசூர் நிலவியல் துறையின் டபிள்யூ. எஃப். ஸ்மீத் 1904இல் அதனை ஆராய்ந்து எழுதினார். அக்காலப் பதிவுக்குக் கண்டவர் சொல்லும் நேர்ந்த சேதமுமே ஆதாரம். 1912இல் நிலநடுக்கமானி வந்தது. அதிர்வின் நேரம் துல்லியமாயிற்று. ஆயினும் தரைமேல் நின்ற ஒற்றைக் கருவியால் வெடித்த இடத்தைத் திட்டமாகச் சுட்ட இயலவில்லை. 1978இல் அமைந்த ஜியோபோன் வலையமைப்பு, ஒவ்வொரு கருவியையும் அலை எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டு அவ்விடத்தைக் கணித்தது.

இம்மூன்றையும் ஒரே வரிசையாகக் கோத்தால் பிழை நேரும். முதலாவது சேதத்தை எண்ணியது; பின்னவை சேதம் விளைக்காத அதிர்வுகளையும் எண்ணின. எண்ணிக்கை உயர்ந்ததனாலேயே ஆபத்து உயர்ந்தது என்று கொள்ளலாகாது. வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தலித் தொழிலாளர் பட்ட துயரமோ, அதிர்வலைக் கோட்டில் தெரிவதில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் வரலாற்றை எழுதுவோர்க்கு மூன்று பதிவேடுகளும் வேண்டும், தனித்தனியாக.