செக்ரோலில் ஏறாத பெயர்

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியுமுன்னே அங்கே ஆள் பிரிப்பார்கள். பெரட்டுக்களத்தில் விளக்கு வெளிச்சத்தில் கிராணி செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைத் திறப்பார், மண்டோர் பெயர் கூப்பிடுவார். பால்வெட்டு யார், புல்வெட்டு யார், மருந்தடிக்க யார் என்று ஐந்தே நிமிடத்தில் முடிவாகிவிடும். ஆளைப் பார்த்துத்தான் கூலியும். 1920களின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் நிர்ணயித்த கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. என் பாட்டி அந்த 40 காசுக்காரி.

1963-இல் பிறந்த என் தம்பியின் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறவே இல்லை. ஏழு வயதுவரை அவன் பேசவில்லை. பேசத் தொடங்கியதும் நாங்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னான். லயத்து வீடுகளில் சிலர் வெகுளி என்றார்கள், சிலர் புத்தி மட்டு என்றார்கள். சண்டை வந்தால் ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்பார்கள். பேராக்கில் வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஈப்போவுக்கு அருகே அந்த ஊரில் 1911-இல் ஆங்கிலேயர் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றைத் திறந்தார்கள். 1971-இல் அதற்கு ‘பஹாகியா’ என்று பெயர் மாற்றினார்கள். மலாயில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். ஊர்ப்பெயர் மட்டும் வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் எங்கள் அம்மா கடைசிவரை ஏறியதில்லை.

ஆனால் தம்பி ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. அப்பா பால் வெட்டும் நிரையில் அவருக்குப் பின்னாலேயே போவான். நேற்றைய வெட்டில் காய்ந்து ஒட்டிய பாலின் நுனியை நகத்தால் கிளப்பி, அறுந்துபோகாமல் ஒரே நாடாவாக உரிப்பான். மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து, உருண்டையாகச் சுருட்டிச் சாக்கில் போடுவான். பிறகு பால் சேரும் மங்கைத் துடைத்து நேராக வைப்பான். ஒரு மரத்தையும் விடமாட்டான், வரிசையும் மாறக்கூடாது. அவனைத் தேட வேண்டியே இருக்காது. மணி என்ன என்று தெரிந்தால் எந்த மரத்தடியில் நிற்பான் என்று சொல்லிவிடலாம். அவன் உரித்த ஒட்டுப்பால் அப்பாவின் கணக்கில் நிறுக்கப்பட்டது.

1980களின் இறுதியில் தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயம் காலியானது. ஈப்போவில் புந்தோங் பக்கம் நான்காம் மாடி வீடொன்றுக்கு வந்தோம். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் தம்பி காதில் அறைந்துகொண்டான், சோற்றைத் தள்ளினான். ஒரே வருடத்தில் ‘கையுதவிக்கு ஆகிற பிள்ளை’ என்ற பேர் போய் ‘ஒன்றுக்கும் முடியாதவன்’ ஆனான். அதே கைகள், அதே தம்பிதான். மரங்கள்தான் போய்விட்டன.

ஆட்டிசம் என்ற சொல்லை எனக்கு ஒரு டாக்டர் சொன்னபோது அவனுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள், அந்தச் சொல்லோடு எனக்கு இன்னும் சமாதானமில்லை. நான் ஆசிரியை, கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1943-இல் பால்டிமோரில் லியோ கான்னர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் எழுதினார். 1981-இல் லோர்னா விங் அஸ்பெர்கரின் பெயரைப் பரவலாக அறியச் செய்தார். அந்தக் காலகட்டத்தில்தான் ‘உயர் செயல்திறன்’, ‘தாழ் செயல்திறன்’ என்று பிரிக்கும் வழக்கமும் வேரூன்றியது. பேச்சு எப்படி, அறிவுத்திறன் எண் 70-க்கு மேலா கீழா என்பதே பெரும்பாலும் அளவுகோல். நாஜி ஆட்சியில் ஊனமுற்ற பிள்ளைகளைக் கொன்ற ஸ்பீகல்குருண்ட் விடுதிக்கு அஸ்பெர்கரே சில பிள்ளைகளை அனுப்பினார் என்பதை 2018-இல் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளியிட்டார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே நம் நாட்டிலும் சட்டமே ஆள் பிரித்தது. 1997-ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள் ‘கற்பிக்கத்தக்க’ பிள்ளைகளையே அரசாங்கப் பள்ளியின் சிறப்புக் கல்வியில் சேர்க்கச் சொன்னன. பிறர் துணையின்றித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும், மருத்துவரும் கல்வி, சமூகநல அதிகாரிகளும் கொண்ட குழு அதை உறுதிசெய்ய வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. கழிவறைக்குத் தனியே போகத் தெரியாததால் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதே காலத்தில் என் வகுப்பில் 16-ஆம் வாய்ப்பாடு ஒப்பிக்கும் ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் ‘லேசான கேஸ்’ என்றார்கள். மணியடித்ததும் அவள் தரையில் சுருண்டபோது, நடிக்கிறாள் என்று ஒருவர் அதட்டினார். பையனுக்கு இடம் கிடைக்கவில்லை, பெண்ணுக்கு உதவி கிடைக்கவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2,225 ஆட்டிசப் பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை அந்தப் பெண்ணின் கதையைத்தான் சொன்னது. அறிவுத்திறன் எண் உயர்ந்திருந்தவர்களிடம் அன்றாடக் காரியங்களுக்கான திறன் அந்த எண்ணைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தது. ‘உயர் செயல்திறன்’ என்ற சொல்லைக் கைவிடுங்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில், தேவைப்படும் துணையை வைத்து ஆட்டிசத்துக்கு மூன்று நிலைகள் வகுத்தது. அதே ஆண்டு இங்கும் சிறப்புக் கல்விக்குப் புது விதிகள் வந்தன. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அரசின் கொள்கை. 2021-இல் லான்செட் மருத்துவ இதழின் குழுவொன்று, இருபத்துநான்கு மணி நேரமும் துணை வேண்டியவர்களுக்கு ‘ஆழ்ந்த ஆட்டிசம்’ என்று தனிப்பெயர் வேண்டுமென்றது. இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் ஒருத்தி அந்தப் பெயரைக் கேட்டால் நான் மறுக்கமாட்டேன். தன் பிள்ளை கணக்கில் விழாமல் போய்விடுமோ என்ற அவளுடைய பயம் நியாயமானது. ஆனால் நிலை ஒன்றா மூன்றா என்று என் தம்பியைப் பற்றி யாராவது கேட்டால், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று திருப்பிக் கேட்பேன்.

அவனுடைய ஓ.கே.யூ. என்ற மாற்றுத்திறனாளி அட்டையில் ‘பெம்பெலாஜாரான்’, அதாவது கற்றல் குறைபாடு என்றிருக்கிறது. கடந்த ஒன்பது வருடமாகப் புந்தோங்கில் ஒரு கச்சாங் பூத்தே கடையின் பின்கட்டில் கடலைப் பொட்டலம் போடுகிறான். கடைக்காரரிடம் நான் அட்டையைக் காட்டவில்லை. ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன், அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்:

“மிக்ஸி போடுமுன் சொல்லுங்கள். பொட்டலங்களை அவன் அடுக்கிய வரிசையிலேயே எடுங்கள். பதில் சொல்ல நேரமாகும், காத்திருங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குச் சோறு, மீன் வேண்டாம். புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் முதல் நாளே பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். பிறகு மறக்கமாட்டான்.”