காற்றுக்கு வேலி போட்டவர்கள் - ஒரு கடலோரத் தோட்டத்தின் கதை

கடற்கரையை ஒட்டி வீடு கட்டுபவர்கள் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நர்சரிக்குப் போய், பூத்துக் குலுங்கும் செடிகளாகப் பார்த்து வாங்கி வந்து வாசலில் நட்டு விடுவார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இலையெல்லாம் ஓரத்தில் தீய்ந்து போயிருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள். செடி அப்படியும் பிழைக்காது. ஏனென்றால் அதைக் கொன்றது தாகம் அல்ல, காற்று! கடல் அலை உடையும்போது எழும் உப்புத் துளிகளைக் காற்று சுமந்து வந்து இலை மேல் பூசுகிறது. அந்த உப்பு இலையில் உள்ள ஈரத்தை உறிஞ்சி விடுகிறது. வேரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இலை காய்ந்து கருகத்தான் செய்யும்.

அப்படியானால் கடலோரத்தில் என்னதான் நடுவது? இந்தக் கேள்விக்கு ஒரு சின்னத் தீவு நூற்று ஐம்பது வருடங்களுக்கும் மேலாகப் பதில் தேடியது. ஒருமுறை பதில் கிடைத்து, அதை ஒரே நாளில் இழந்து, மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தது. அந்தக் கதை தான் இது.

மரமே இல்லாத தீவு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு பகுதி. அதன் கடைசி முனையைத் தாண்டி ஏறக்குறைய 45 கிலோமீட்டர் கடலுக்குள் போனால் சில்லித் தீவுகள் வரும். (தென் அமெரிக்காவில் இருக்கும் சிலி நாடு வேறு, இது வேறு.) அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே விசிறிப் போட்ட மாதிரி கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகள். அவற்றில் ஒன்று ட்ரெஸ்கோ.

1834ஆம் ஆண்டு அகஸ்டஸ் ஸ்மித் என்ற பணக்கார இளைஞர் இந்தத் தீவுகள் மொத்தத்தையும் 20,000 பவுண்டு கொடுத்துக் குத்தகைக்கு எடுத்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தீவுகளோ வறுமையில் கிடந்தன. கடற்பாசியை எரித்து அதன் சாம்பலைக் கண்ணாடி, சோப்பு செய்பவர்களுக்கு விற்கும் தொழில் கூட அப்போது முடிவுக்கு வந்து கொண்டிருந்தது.

ஸ்மித் ட்ரெஸ்கோவில் வீடு கட்டிக் கொண்டார். பக்கத்திலேயே பழைய கிறிஸ்தவ மடம் ஒன்றின் இடிந்த சுவர்கள் இருந்தன. அந்தச் சுவர்களைச் சுற்றித் தோட்டம் போட ஆசைப்பட்டார். ஆனால் தீவில் சொல்லிக் கொள்ளும்படி மரம் என்று எதுவும் கிடையாது. முட்புதரும் புல்லும் தான். ஏன் மரம் இல்லை என்பதை முதல் குளிர்காலத்துக் காற்றே சொல்லியிருக்கும்.

இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், குளிர் அங்கே பெரிய எதிரியே அல்ல. ட்ரெஸ்கோ இருக்கும் அட்சரேகையில் தான் கனடாவின் வின்னிபெக் நகரமும் இருக்கிறது. வின்னிபெக்கில் குளிர்காலம் முழுக்கப் பனி உறைந்து கிடக்கும். ட்ரெஸ்கோவில் உறைபனி என்பதே அபூர்வம். நாலு பக்கமும் இருக்கும் கடலும், தெற்கில் இருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமும் தீவைப் போர்வை மாதிரி காப்பாற்றுகின்றன. ஆக, கடல் ஒரு கையால் வெப்பத்தைக் கொடுக்கிறது, இன்னொரு கையால் உப்புக் காற்றை அனுப்புகிறது. காற்றை மட்டும் தடுத்து விட்டால், இங்கிலாந்தில் வேறெங்கும் வெட்டவெளியில் வளராத செடிகளைக் கூட இங்கே வளர்த்து விடலாம்!

முதலில் முள், பிறகு மரம், கடைசியில் பூ

ஸ்மித் முதலில் நம்பியது 'கார்ஸ்' என்ற முட்புதரை. மஞ்சள் பூ பூக்கும், அந்த மண்ணுக்கே உரிய காட்டுச் செடி. யாரும் ஆசைப்பட்டுத் தோட்டத்தில் வைக்கும் செடி அல்ல. ஆனால் உப்புக் காற்றுக்கு அஞ்சாது. அதை முதல் தடுப்பாக வைத்துக் கொண்டார்.

அதற்கடுத்து உயரமான தடுப்பு வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தவை மான்டெரே பைன், மான்டெரே சைப்ரஸ் என்ற இரண்டு மரங்கள். இரண்டுமே அமெரிக்காவின் கலிஃபோர்னியாக் கடற்கரையைச் சேர்ந்தவை. சைப்ரஸ் மரம் இயற்கையாக வளரும் இடம் உலகத்திலேயே மான்டெரே பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு தோப்புகள் மட்டும் தான். பசிபிக் கடலின் காற்றில் பாறை மேல் நின்று பழகிய மரம். பைன் மரமும் சில கடற்கரைத் துண்டுகளிலும் இரண்டு தீவுகளிலும் மட்டுமே இயற்கையாக உள்ளது. 1833இல் தான் அது பிரிட்டனுக்கே வந்து சேர்ந்தது.

இதில் தான் விஷயமே இருக்கிறது. செடியைத் தேர்ந்தெடுக்கும் போது அதன் அழகைப் பார்ப்பதை விட, அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கடலின் காற்றில் வளர்ந்த மரம் இன்னொரு கடலின் காற்றையும் தாங்கும்.

மரத்துக்குப் பதிலாக உயரமான சுவர் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சுவரில் மோதிய காற்று மேலே எழும்பி, அந்தப் பக்கம் சுழன்று இறங்கும். சுவருக்குப் பின்னால் இருக்கும் செடிக்கு அந்தச் சுழல் இன்னும் ஆபத்து. மரவரிசை அப்படி இல்லை. கொஞ்சம் காற்றைத் தனக்குள் விட்டு, அதன் வேகத்தைக் குறைத்து, உப்பையும் தன் இலைகளில் வடிகட்டி அனுப்புகிறது. தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை அது காற்றைத் தணிக்கும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர்க் கடற்கரையில் சவுக்குத் தோப்பு செய்வதும் இதே வேலை தான்.

இந்த மரங்கள் வளர்ந்து தலை தூக்கும் வரை பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். தன் பணத்தைப் போட்டு, பூக்காத மரங்களை நட்டு விட்டு, பூக்கும் செடிகளுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பது என்றால் சும்மாவா?

எந்தச் செடி, எந்த இடத்தில்?

தடுப்பு எழுந்த பிறகு உள்ளே உலகமே வந்து சேர்ந்தது. தெற்கு பார்த்த சரிவைப் படிப்படியாக வெட்டித் தோட்டம் அமைத்திருந்தார் ஸ்மித். மேல்படி வெயிலும் வறட்சியும் அதிகம். அங்கே தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியச் செடிகள். கீழே போகப் போக ஈரம் அதிகம். அங்கே நியூசிலாந்து, தென் அமெரிக்கச் செடிகள். ஒரே தோட்டத்துக்குள் கூட எல்லாச் செடிக்கும் எல்லா இடமும் பொருந்தாது என்பதைக் கவனியுங்கள்.

கடலோரத்தில் பிழைக்கும் செடிகளுக்கு அடையாளங்கள் உண்டு. சிலவற்றின் இலை மேல் வெள்ளி நிறத்தில் மெல்லிய ரோமம் இருக்கும், அது உப்பை இலையின் தோலில் படாமல் தடுக்கும். சிலவற்றின் இலை தடிமனாக, மெழுகு பூசியது போல் இருக்கும். ஆனைக்கற்றாழை மாதிரியானவை தண்ணீரைத் தங்கள் இலைக்குள்ளேயே சேமித்துக் கொள்ளும். தரையோடு படர்பவை காற்றின் வழியில் தலையையே நீட்டுவதில்லை! இப்படி ஏதோ ஒரு தற்காப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தான் வாங்க வேண்டும்.

1872இல் ஸ்மித் இறந்தார். அவருக்குப் பின் வந்த டோரியன் ஸ்மித் குடும்பத்தினர் தோட்டத்தை வளர்த்தார்கள். அவர்களில் ஆர்தர் டோரியன் ஸ்மித் என்பவர் 1900களின் தொடக்கத்தில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று தானே பயணம் செய்து செடிகளைக் கொண்டு வந்தார். செடிகளோடு சேர்ந்து நியூசிலாந்தின் குச்சிப்பூச்சிகளும் வந்து, இன்று வரை அந்தத் தீவில் குடியிருக்கின்றன. 'ஐஸ் பிளான்ட்' வகைப் படர்செடி ஒன்று தீவுகளின் கடற்கரைகளில் பரவி, அங்கிருந்த சொந்தச் செடிகளை மூடத் தொடங்கியது. நன்றாக வளரும் செடியைத் தேடிப் போனால் இந்த ஆபத்தும் கூடவே வரும்.

ஸ்மித்தின் இன்னொரு முகம்

ஸ்மித்தை ஒரேயடியாகப் புகழ்ந்து விட முடியாது. இங்கிலாந்தில் 1880இல் தான் பள்ளிப் படிப்பு கட்டாயமானது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தன் தீவுகளில் அதைக் கொண்டு வந்தவர் அவர். பிள்ளை பள்ளிக்கு வந்தால் கட்டணம் ஒரு பென்னி, வராவிட்டால் இரண்டு பென்னி என்று கணக்குப் போட்டார்!

ஆனால் இதே மனிதர் தான் 1855இல் பக்கத்துத் தீவான சாம்சனில் மிஞ்சியிருந்த ஏழைக் குடும்பங்களை அங்கிருந்து வெளியேற்றினார். அங்கே மான் வளர்க்க முயன்றார், அதுவும் தோற்றது. சாம்சனில் இன்றும் யாரும் வசிப்பதில்லை. இடிந்த வீடுகளின் கற்கள் மட்டும் நிற்கின்றன. எந்தச் செடி எங்கே பிழைக்கும் என்று பொறுமையாகப் பார்த்தவர், அந்தத் தீவில் வேரூன்றியிருந்த மனிதர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டு விட்டார். தோட்டத்தைப் பாராட்டும் போது இதையும் மறக்கக் கூடாது.

வேலியில் இருந்து வந்த வருமானம்

ஸ்மித்தின் வாரிசு காலத்தில் சில்லித் தீவுகளில் புதுத் தொழில் ஒன்று பெரிதாக வளர்ந்தது. நார்சிசஸ் பூ. இங்கிலாந்து முழுக்கக் குளிரில் நடுங்கும் போதே இந்தத் தீவுகளில் அந்தப் பூ பூத்து விடும். கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி லண்டன் சந்தைக்கு அனுப்பினால், வேறு யாரிடமும் பூ இல்லாத நேரத்தில் நல்ல விலை கிடைக்கும். சந்தைக்கு முதலில் வருபவனுக்குத் தானே லாபம்!

ஆனால் இங்கேயும் அதே காற்று. அதனால் வயல்களைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, சுற்றிலும் உயரமான செடிவேலி வளர்த்தார்கள். வேலிக்குப் பயன்பட்டவை நியூசிலாந்தின் பிட்டோஸ்போரம், தென் அமெரிக்காவின் எஸ்கலோனியா, ஜப்பானின் யூயோனிமஸ் போன்ற செடிகள். சந்தையில் விலை போனது பூ. அந்தப் பூவைக் காப்பாற்றியது, யாரும் விலை பேசாத வேலி. பணக்காரர் ஒருவரின் தோட்டத்தில் நடந்த அதே பாடம், சாதாரண விவசாயியின் வயலில் சோறு போட்டது.

ஒரே நாளில்...

1987 ஜனவரி. அபூர்வமான உறைபனியும் பனிப்பொழிவும் தீவைத் தாக்கின. வெப்ப நாடுகளில் இருந்து வந்த மென்மையான செடிகளில் பெரும்பாலானவை செத்துப் போயின. கியூ தாவரவியல் தோட்டம் உள்ளிட்ட இடங்கள் செடிகள் கொடுத்து உதவின. மறுபடியும் நட்டார்கள்.

அந்தச் செடிகள் வேர் பிடிப்பதற்குள் 1990 ஜனவரி 25ஆம் தேதி பெரும்புயல் வந்தது. பிரிட்டன் முழுக்க உயிர்களைப் பலி வாங்கிய புயல் அது. ட்ரெஸ்கோவின் காற்றுத்தடுப்பு மரங்களில் சுமார் 90 சதவீதம் சாய்ந்து விட்டன. தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அரண் ஒரே நாளில் போயிற்று!

இரண்டு அடிகளில் எது பெரியது? பனி கொன்றது செடிகளை. செடி போனால் இன்னொரு தோட்டத்தில் இருந்து வாங்கி வந்து விடலாம். புயல் சாய்த்தது தடுப்பை. நூறு வருட மரத்தை எந்தக் கடையில் வாங்குவது? அதற்கான விலையைப் பணமாகக் கொடுக்க முடியாது, காலமாகத் தான் கொடுக்க வேண்டும்.

சாய்ந்த மரங்களை அகற்றி, ஏறத்தாழ 60,000 மரக்கன்றுகளை நட்டார்கள். அவற்றில் பழைய மான்டெரே மரங்களும் உண்டு. 1834இல் ஸ்மித் நின்ற அதே இடத்தில் போய் நின்று, அதே வரிசையில் ஆரம்பித்தார்கள். முதலில் தடுப்பு, பிறகு தான் பூ. இன்று அந்த மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. உள்ளே தோட்டமும் பழையபடி பூத்துக் குலுங்குகிறது.

கணக்கு சொல்லும் பாடம்

ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் வாங்கினால், வருடா வருடம் அதன் தேய்மானத்தைக் கணக்கில் எழுத வேண்டும். இல்லாவிட்டால், இயந்திரம் நிற்கும் அன்று புதியது வாங்கக் கையில் காசு இருக்காது. காற்றுத்தடுப்பு மரமும் அப்படித் தான். மான்டெரே பைன் வேகமாக வளரும், ஆனால் ஆலமரம் போல் பல நூறு வருடம் நிற்காது. நூறு வருடம் கடந்தாலே அதற்கு முதுமை. ஒரே காலத்தில் நட்ட மரங்கள் ஒரே காலத்தில் கிழடாகும். பழையது நிற்கும் போதே பக்கத்தில் இளையதும் வளர்ந்து கொண்டிருக்க வேண்டும். மரம் நட்ட செலவோடு கணக்கு முடிவதில்லை.

ஆகவே, கடலோரத்தில் தோட்டம் போட நினைப்பவர்கள் நர்சரிக்குப் போவதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் மனையில் போய் நிற்கட்டும். காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று பார்க்கட்டும். அந்தத் திசையில் முதல் வரிசை நட்டு, அது தோள் உயரம் வந்த பிறகு ரோஜாவைப் பற்றி யோசிக்கலாம்.

ட்ரெஸ்கோவுக்கு வரும் பயணிகள் பூக்களைத் தான் படம் பிடித்துக் கொண்டு போகிறார்கள். பின்னால் வரிசையாக நிற்கும் பைன் மரங்களை யார் கவனிக்கிறார்கள்? அவை சாய்ந்தால் தான் அவற்றின் அருமை தெரியும்!