பதுக்ககம்

'பதுங்கு' என்னும் தன்வினையின் பிறவினையாகிய 'பதுக்கு' என்பதோடு இடத்தைக் குறிக்கும் 'அகம்' சேர்ந்த பதுக்ககம், ஒளித்துவைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வேரிலிருந்து வந்த 'கேஷ்' என்னும் கணினிச் சொல்லுக்கு, வணிகப் பதுக்கலின் பழி சற்றே ஒட்டியிருப்பினும், பொருந்திய ஆக்கமே. வழங்கிகளில் லினக்ஸ் இயங்கும்போது, அதன் மையநிரலாகிய கெர்னல், திருத்தப்பட்ட கோப்புத் தரவை உடனே வட்டில் எழுதாமல் நினைவகத்தில் பதுக்ககமாகப் பயன்படும் பகுதியில் வைத்து, அத்தரவு உள்ள, இன்னும் எழுதப்படாத நினைவகப் பக்கங்களை 'அழுக்குப் பக்கங்கள்' எனக் குறித்துக்கொள்கிறது. இயல்பமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை விழிக்கும் எழுதும் இழை, 30 விநாடிக்கு மேல் காத்திருந்த பக்கங்களை வட்டுக்கு அனுப்புகிறது. இடையே மின்சாரம் நின்றால் எஞ்சியவை அழியுமாதலால், உடனே எழுதுவிக்கும் 'எஃப்சிங்க்' அழைப்பைத் தரவுத்தள நிரலர் ஒருபோதும் விடலாகாது.