கொழும்பு ஓவல்: ஒரு மைதானமும் அதன் பெயரும்

விளையாட்டரங்குகளின் பார்வையாளர் கூடங்களிற் பெரும்பாலும் புகழ்பெற்ற வீரரின் பெயர்களே பொறிக்கப்படுகின்றன. மும்பாய் வாங்கடே அரங்கிற் கவாஸ்கரும் டெண்டுல்கரும் அவ்வாறே போற்றப்படுகின்றனர். கொழும்பு ஓவல் மைதானமோ ஒரு நிருவாகியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1899 இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்திற்கு இம்மைதானத்தை ஆக்கித்தர உழைத்த பாக்கியசோதி சரவணமுத்து, 1948 இல் அமைந்த இலங்கைக் கிறிக்கெற் கட்டுப்பாட்டுச் சபையின் முதற் தலைவருமாவார்.

வீரர்க்கும் இங்குக் குறைவில்லை. 1947 இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்களைக் குவித்த சதாசிவம், மறு ஆண்டு இம்மைதானத்திலேயே பிரட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கெதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கினார். 800 ரெஸ்ற் விக்கெற்றுக்களை வீழ்த்திய முத்தையா முரளிதரனும் இக்கழகத்துக்காக ஆடியவரே. இலங்கையின் முதலாவது ரெஸ்ற் போட்டி 1982 இலும், முதலாவது ரெஸ்ற் வெற்றி 1985 இலும் இங்கேயே நிகழ்ந்தன.

எனினும், பெயர் சரவணமுத்துவுக்கே உரியதாயிற்று, அது பொருத்தமே. களம் அமைந்த பின்னரே வீரர் தோன்றுவர். வடமாகாணத்தில் இன்றுவரை ஒரு ரெஸ்ற் போட்டியேனும் நடைபெறவில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பந்தெறியும் இளைஞர்க்கு முதற்கண் வேண்டுவது வீரரின் பெயர் பொறித்த கூடமன்று. களம் அமைத்துத்தரும் ஒரு சரவணமுத்துவே.