அன்னவாசலில் இருந்து நேர் வடக்கே: ஃபிளைட் சிமுலேட்டரில் வழியும் குரலும் வளர்ந்த வரலாறு

புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலும் திருச்சி விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 78.7 பாகைக் கிழக்கில், இருக்கின்றன. அன்னவாசலுக்கு மேலே வந்து விமானத்தை நேர் வடக்கே திருப்பினால், 18 கடல் மைல் தாண்டியதும் ஓடுபாதை தெரியும். 120 நாட் வேகத்தில் போகும் செஸ்னா 172-க்கு இது ஒன்பது நிமிடப் பயணம். வலப்பக்கம் நார்த்தாமலைக் குன்றுகள், இடப்பக்கம் இலுப்பூர், இன்னும் தள்ளி விராலிமலை என அடையாளங்களுக்கும் குறைவில்லை.

ஆனால் நேராகப் போய் இறங்கிவிட முடியாது. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09, 27 என்ற எண்களோடு, வடக்கே போகிறவருக்குக் குறுக்கே கிடக்கிறது. மேல்காற்று வீசும்போது மேற்கு நோக்கி இறங்க வேண்டும். தெற்கிலிருந்து வருபவர் ஓடுபாதையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே போய்த் திரும்பி வர வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் எல்லாம் தலைகீழ். எந்த முனை, யாருக்குப் பின்னால், எவ்வளவு உயரத்தில் என்பதைச் சொல்வது கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல். இந்த ஒன்பது நிமிடத்தையும் அந்தக் குரலையும் சிமுலேட்டர்கள் எந்த வரிசையில் கற்றுக்கொண்டன என்பதே இங்கு கேள்வி. என் வாதம் இது: மெய்யான விமானிகள் இந்த வானில் முதலில் தரையைப் பார்த்தார்கள், கருவிகள் பின்னால் வந்தன. வீட்டுக் கணினிச் சிமுலேட்டர் அதே பாதையை எதிர்த்திசையில் நடந்தது. கருவியில் தொடங்கிய அது தரைக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது.

முதலில் மெய்யான வானம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு புஸ் மாத் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து சென்னைக்கு அதைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். விமானத்தில் வானொலி கிடையாது, வழிகாட்ட நிலத்தில் எந்த ஏற்பாடும் கிடையாது. 1938-ல் இந்தத் தடம் சென்னையைத் தாண்டித் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. அக்காலத்து விமானிக்கு ரயில் தண்டவாளம், ஆற்று மணல், மலை இவைதான் வரைபடம். மலைக்கோட்டையையும் காவிரியையும் ஒருசேரக் கண்டவருக்குத் திருச்சி எது என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோபுரத்தின் குரல், திசை காட்டும் விஓஆர், தூரம் காட்டும் டிஎம்இ, மேகத்துக்குள்ளும் ஓடுபாதைக்கு இழுத்து வரும் ஐஎல்எஸ் எல்லாம் படிப்படியாகப் பின்னால் சேர்ந்தவை.

சிமுலேட்டரின் கதை வேறு முனையில் தொடங்குகிறது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1929-ல் உருவாக்கிய பயிற்சிப் பெட்டிக்கு இறக்கை பொம்மை இறக்கைதான்; ஆர்கன் இசைக்கருவிகளுக்கான காற்றுத் துருத்திகளால் அது ஆடியது. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் விமானங்கள் ஒப்படைக்கப்பட்டு, மோசமான வானிலையில் பலர் விழுந்து இறந்தபின், ராணுவம் ஆறு லிங்க் பெட்டிகளை வாங்கியது. மூடிய பெட்டிக்குள் மாணவருக்கு வெளியே எதுவும் தெரியாது. அருகே மேசையில் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். மாணவர் ஓட்டும் தடத்தை ஒரு சிறு சக்கர எழுதுகோல் மேசையிலிருக்கும் வரைபடத்தில் மையால் கோடிட்டுக்கொண்டே போகும். ஆசிரியர் ஒலிவாங்கியில் பேசுவார். மாணவர் காதணியில் கேட்பார். அதாவது கட்டுப்பாட்டாளர் என்ற பாத்திரம் சிமுலேட்டரில் தொடக்கத்திலேயே இருந்தது, அதுவும் உயிருள்ள மனிதராக. சிமுலேட்டர் வீட்டுக்கு வந்தபோதுதான் அந்த மேசை காணாமல் போனது. பிற்கால வரலாற்றை அந்த மேசையைத் தேடிய கதையாகவும் படிக்கலாம்.

புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் கணினிக்கு எழுதிய நிரலைத் தொடர்ந்து, 1982 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வந்தது. உலகம் என்பது அதில் சிகாகோ, நியூயார்க், சியாட்டில், லாஸ் ஏஞ்சலிஸ் சார்ந்த நான்கு துண்டுகள்தான். ஆனால் வழிகாட்டிக் கருவிகள் வேலை செய்தன. முள்ளைப் பார்த்து நிலையத்தை அடையலாம். 1999-ல் வெளிவந்த 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் விமான நிலையங்கள் 20,000-ஐத் தாண்டின. திருச்சி போன்ற ஊர்களுக்கு இடம் கிடைத்தது இத்தகைய விரிவாக்கத்தால்தான். ஓடுபாதை சரியான அட்சத்தில், சரியான திசையில் இருக்கும்; சுற்றிலும் எந்த நாட்டு வயல் என்றே சொல்ல முடியாத பொது நிறம். அன்னவாசலுக்கு ஆயத்தொலைவு இருந்தது, ஊர் இல்லை.

குரல் திரும்பியது 2001 அக்டோபரில், 2002-ஆம் ஆண்டுப் பதிப்போடு. திரையில் எண்ணிட்ட பட்டியல் வரும். இறங்க அனுமதி கேட்க ஓர் எண், திசை மாற்றத்தை ஒப்புக்கொள்ள இன்னொன்று. பதிவு செய்த சொற்களை ஒட்டிக் கோத்த குரல் பதில் சொல்லும். இதைக் கேலி செய்வது சுலபம், பலர் செய்தார்கள். ஆனால் ஒரு தலைமுறையே 'லெஃப்ட் டவுன்விண்ட், ரன்வே டூ செவன்' என்ற சொற்றொடரின் ஒலியை இதில்தான் கற்றது. குறை வேறிடத்தில். அந்தக் கட்டுப்பாட்டாளர் உலகம் முழுக்க அமெரிக்கர். உயரமானியை உள்ளூர் அழுத்தத்திலிருந்து பொது அழுத்தத்துக்கு மாற்றும் வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். அவருக்கோ திருச்சியிலும் அது அமெரிக்காவின் 18,000 அடியேதான். அதைவிடப் பெரிய குறை, அவருக்குக் காது இல்லை. எண்ணை அழுத்தினால் விமானி கட்டளையைத் தானாகவே சரியாகத் திருப்பிச் சொல்லிவிடுவார்.

மெய்யான வானில் திருப்பிச் சொல்வதில்தான் உயிர் இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி விமானமும் கசாக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசாக்ஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அதற்குப் பிறகே இந்திய வானில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. இத்தகைய விபத்துகளின் பாடமாக, விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் வானொலியில் பேசும் ஆங்கிலத்துக்கு உலக அளவில் தகுதிநிலை வகுத்து, 2008 மார்ச் முதல் நான்காம் நிலையைக் குறைந்தபட்சமாக்கினார்கள்.

மேசைக்கு மறுபடி மனிதரை உட்கார வைத்தவர்கள் விளையாட்டு நிறுவனத்தார் அல்லர், ஆர்வலர்கள். 2001-ல் தொடங்கிய வாட்சிம் வலையமைப்பில் விமானி ஒரு வீட்டிலும் கட்டுப்பாட்டாளர் இன்னொரு வீட்டிலும் இருப்பார்கள், இருவரும் ஊதியமில்லாதவர்கள். தப்பாகத் திருப்பிச் சொன்னால் 'நெகட்டிவ்' என்று உடனே திருத்துவார்கள். விஓடிஆர், அதாவது திருச்சிக் கோபுரத்தில் யாரும் இல்லாத நேரத்தில், அன்னவாசலிலிருந்து வடக்கே வருபவர் 122.800 அலைவரிசையில் தன் நோக்கத்தைத் தானே அறிவித்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். பிரயாகராஜில் 1948 முதல் இயங்கும் விமானப் போக்குவரத்துப் பயிற்சிக் கல்லூரியில் கட்டுப்பாட்டாளர்களுக்கும் சிமுலேட்டர் உண்டு. அத்தகைய பயிற்சியில் பயிற்சிக் கட்டுப்பாட்டாளர்தான் நிஜம். அடுத்த அறையில் விசைப்பலகையோடு அமர்ந்து விமானி போலப் பதில் சொல்பவர்தான் வேடதாரி. லிங்க்கின் மேசை அங்கே ஒருநாளும் காணாமல் போகவில்லை.

தரை வந்தது 2020 ஆகஸ்ட் 18 அன்று. செயற்கைக்கோள் படங்களை விரித்து அதன்மேல் கணினியே கட்டடங்களை எழுப்பும் புதிய ஃபிளைட் சிமுலேட்டர் வெளியானது, 37,000 விமான நிலையங்களோடு. இப்போதுதான் கண்மாய், பொட்டல், பாறை என்று புதுக்கோட்டைச் சீமை அடையாளம் தெரிந்தது. 1938 விமானி செய்தது போலக் குன்றுகளை எண்ணிக்கொண்டு திருச்சிக்குப் போகலாம். குரல் மட்டும் நிலத்தின் வேகத்துக்கு வளரவில்லை. எந்திரக் குரல் மென்மையானது, பட்டியல் நீடித்தது. பேசுவதைப் புரிந்துகொண்டு பதில் தரும் சேஇன்டென்ஷன்ஸ், பியாண்ட்ஏடிசி போன்ற துணை நிரல்கள் அண்மையில்தான் வந்திருக்கின்றன.

அவற்றைச் சோதிக்க இந்தப் பகுதியே ஒரு வினாத்தாள் தந்திருக்கிறது. 2024 அக்டோபர் 11 மாலை, 141 பயணிகளோடு திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-ல் ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைக்க, அது புதுக்கோட்டை மாவட்ட வானில் சுமார் இரண்டரை மணி நேரம் வட்டமடித்தது. ஊர்களில் சனங்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள்; திருச்சியில் முழு அவசரநிலை அறிவிக்கப்பட்டு, தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் காத்திருந்தன. இரவு 8.15 மணியளவில் விமானம் பத்திரமாக இறங்கியது. அந்தக் கோளாறைச் சிமுலேட்டரில் ஒரு சொடுக்கில் வரவழைத்துவிடலாம். ஒரு விமானத்துக்காக வட்டமடிக்கும் இடத்தை ஒதுக்கி, மற்ற விமானங்களை விலக்கி, எரிபொருள் எவ்வளவு மிச்சம், உள்ளே எத்தனை பேர் என்று கேட்டு, அந்தப் பதிலைக் கீழே தீயணைப்புக்காரர்களுக்குக் கடத்தும் கட்டுப்பாட்டாளரை 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில் எந்த எண்ணை அழுத்தியும் வரவழைக்க முடியாது. வாட்சிமில் ஓர் அனுபவசாலி உட்கார்ந்திருந்தால் பாதி கிடைக்கும். தீயணைப்பு வண்டி அங்கேயும் இல்லை.