ஒலிவ் எண்ணெயும் கறையான் அரித்த ஏடுகளும்

கொலன்னாவை என்றதும் பலருக்கு நினைவில் எழுவது பெற்றோலியத் தாங்கிகள். ஆனால், அவ்வூர்ச் சமையலறைகளில் எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய்தான். சில மைல் தொலைவிலுள்ள வெள்ளவத்தையின் கடைகளிலோ ஒலிவ் எண்ணெய்ப் போத்தல்கள் இடம்பிடித்துவிட்டன. மத்தியதரைக்கடல் நாட்டு உணவு இதயத்துக்கு உகந்தது என்ற நம்பிக்கையே காரணம். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் 1958இல் ஏழு நாடுகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நடுத்தர வயது ஆண்கள் ஏறத்தாழ 12,700 பேர் அதில் அடங்கினர். பின்லாந்தின் கிழக்கில் மாரடைப்பு மிகுந்திருந்தது. கிரேக்கத்தின் கிறீற் தீவில் அது மிக அரிது. கிறீற்வாசிகள் உண்டவை ஏழை உழவர் உணவே: தானியம், அவரையினங்கள், கீரை, பழம், ஒலிவ் எண்ணெய், இறைச்சி சொற்பம். பிரான்சின் லியோன் நகரில், ஒருமுறை மாரடைப்புக் கண்டவர்களிடம் இத்தகைய உணவு பரிசோதிக்கப்பட்டு, 1994இல் நற்பலன் அறிவிக்கப்பட்டது.

நம்மவரின் உணவுக்கு இது பொருந்துமா? இக்கேள்விக்கு விடையாக வந்தது வட இந்தியாவின் மொராதாபாத் நகரில் வைத்தியர் ஆர்.பி. சிங் குழுவினர் நடத்தியதாகக் கூறப்பட்ட ஆய்வு. ஆயிரம் பேரில், பழம், காய்கறி, முழுத்தானியம், வாதுமை, கடுகெண்ணெய் அல்லது சோயா எண்ணெய் உண்டவர்களுக்கு இதயப் பாதிப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என 2002இல் 'லான்செட்' சஞ்சிகை வெளியிட்டது. நமக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன?

ஆனால், சிங் 1992இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதிய மற்றோர் உணவாய்வு குறித்து ஐயங்கள் முன்னரே எழுந்திருந்தன. மூலப் பதிவுகளைக் கேட்டபோது, கறையான் அரித்துவிட்டது என்ற விடை வந்தது. 2005இல் இரு சஞ்சிகைகளும் அவ்வாய்வுகள்மீது தமது ஐயத்தைப் பகிரங்கமாக அறிவித்தன. நமக்கென்று கிடைத்த சான்று நம்பத்தகாததாயிற்று.

இதனோடு ஸ்பெயின் நாட்டின் கதையை ஒப்பிடுவது பயன்தரும். 7,447 பேரைக்கொண்ட 'பிரெடிமெட்' ஆய்வு 2013இல் வெளியாயிற்று. ஓரிடத்தில் ஒரு கிராமம் முழுவதற்கும் ஒரே உணவு வழங்கப்பட்டமை முதலான குறைகள் தெரியவந்ததும், ஆய்வாளர்கள் 2018இல் கட்டுரையை மீளப்பெற்று, தரவுகளை மறுபடி ஆராய்ந்து புதிதாக வெளியிட்டனர். ஒலிவ் எண்ணெயோ பருப்புக்கொட்டைகளோ சேர்த்த உணவால் மாரடைப்பு, பாரிசவாதம், இதயநோய் மரணம் ஆகியன சுமார் 30 சதவீதம் குறைவு என்ற முடிவு ஏறக்குறைய அப்படியே நின்றது. ஏடுகள் பத்திரமாக இருந்ததால் பிழை திருந்தியது, உண்மையும் பிழைத்தது.

நமக்கோ இது ஆராய்ச்சி உலகச் சர்ச்சை மட்டுமன்று. தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதில் வருகிறது, ஏனையோருக்கோ 59 வயதில், என்று 2007இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டிற்று. குடும்பத்தைத் தாங்கும் வயதில் அந்த ஆறாண்டு சிறிதன்று.

அதற்காக விலையுயர்ந்த போத்தலைத் தேடி அலையவேண்டியதில்லை. பாணையும் வெள்ளைச் சோற்றையும் குறைத்துக் குரக்கனையும் தவிட்டரிசியையும் கூட்டலாம். பயறு, கௌபி, வல்லாரை, முருங்கையிலை, சூடைமீன் எல்லாம் கொட்டாஞ்சேனைச் சந்தைக்கும் அந்நியமல்ல. தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்குமேல் நிறைவுற்ற கொழுப்பு. ஆதலால் பொரியலுக்கு அளவு வேண்டும். கிறீற் தீவினர் தம் மண்ணில் விளைந்ததை உண்டார்கள். நாம் பின்பற்றத்தக்கது அவர்களது எண்ணெயை மட்டுமன்று, அந்த வழக்கத்தையுந்தான்.